தமிழ்த் தொலைக்காட்சியில் அரசியல் நையாண்டி: 2022 சர்ச்சையும் அதன் முன்வரலாறும்

அரசியல் நையாண்டி என்பது ஆட்சியில் இருப்போரின் சொல்லையும் செயலையும் சிரிப்பின் வழியாக விமர்சிப்பதாகும். நாட்டு நடப்பை எடுத்துக்கொண்டு இப்படிக் கேலி செய்யும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல நாடுகளில் தனி வகையாகவே வளர்ந்துள்ளன. தமிழ்த் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆட்சியாளரை நேரடியாகத் தொடும் நையாண்டி மிகக் குறைவு. அப்படி ஒன்று 2022 ஜனவரியில் ஒளிபரப்பானபோது, இரண்டே நாள்களில் மத்திய அரசின் நோட்டீஸ் வந்தது. அந்த நிகழ்வையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் இந்த வரலாற்றில் இரண்டு இடங்களில் தொடர்பு உண்டு.

கட்டியக்காரன் மரபு

அரசனைக் கேலி செய்வது தமிழ் மேடைக்குப் புதியதன்று. தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசன் வருகையை அறிவிப்பது அவன் வேலை. ஆனால் அறிவிக்கும்போதே அரசனை வம்புக்கிழுப்பான். கதைக்கு நடுவே ஊர் நடப்பையும் விலைவாசியையும் பேசுவான். புராணக் கதைக்குள் இன்றைய செய்தியைக் கொண்டுவரும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. கூத்து பார்க்க வந்தவர்களில் ஊர்ப் பெரிய மனிதரும் இருப்பார், கேலிக்கு ஆளானவரும் இருப்பார். மேடையில் சொன்னதை மேடையோடு விட்டுவிடுவது எழுதப்படாத வழக்கம்.

இந்த வழக்கம் தேர்தல் அரசியலுக்கும் வந்தது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டு, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரியலூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். துணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் முதன்முதலாகப் போட்டியிட்ட திராவிட முன்னேற்றக் கழகம், அரியலூரையும் அழகேசன் பெயரையும் 'ஆண்டது', 'மாண்டது' என்னும் எதுகைச் சொற்களோடு சேர்த்து ஒரு முழக்கம் ஆக்கியது. அது கசப்பான கேலி. ஆனால் ஒரு விபத்தின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை எழுத்தறியாதவர் வாயிலும் அது ஏற்றிவிட்டது. நையாண்டியின் பயனும் இதுதான்: நீண்ட அறிக்கை சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிடும்.

அச்சில் வந்த கேலியும் சிறையும்

அச்சு ஊடகத்தில் அரசியல் நையாண்டிக்குத் தனி இடம் ஏற்படுத்தியவர்களில் முக்கியமானவர் சோ ராமசாமி. அவருடைய 'முகம்மது பின் துக்ளக்' நாடகம் 1968-ல் மேடையேறியது. 1970 பொங்கலுக்கு அவர் 'துக்ளக்' இதழைத் தொடங்கினார். 1975-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுச் செய்தித் தணிக்கை வந்தபோது, துக்ளக் தன் அட்டையைக் கறுப்பாக அச்சிட்டு எதிர்ப்பைத் தெரிவித்தது.

அடுத்த பெரிய நிகழ்வு 1987-ல் நடந்தது. ஆனந்த விகடன் 1987 மார்ச் 29 இதழின் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. பொதுக்கூட்ட மேடையில் இருப்பவர்களுள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று அடையாளம் காட்டும் துணுக்கு அது. ஒருவரை ஜேப்படிக்காரருக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்டிருந்தது. எவர் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் சட்டமன்றத்தின் உரிமை மீறப்பட்டதாகக் கருதப்பட்டது. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் மன்னிப்புக் கோரச் சொன்னார். விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4 அன்று அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்ததால் இரண்டு நாள்களில் விடுவிக்கப்பட்டார்.

விடுதலை கிடைத்ததோடு அவர் அதை விட்டுவிடவில்லை. தண்டனை சரியா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1994-ல் அந்தக் கைது தவறு என்று தீர்ப்பு வந்தது. அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிடப்பட்டது. தொகை சிறியது, ஆனால் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பது ஏட்டில் பதிவாகிவிட்டது. பின்னால் வருவோர் எடுத்துக்காட்ட ஒரு தீர்ப்பு கிடைத்தது. இதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2022 நிகழ்வோடு ஒப்பிட இது தேவைப்படும்.

தொலைக்காட்சியின் வருகை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அது நெருக்கடி நிலைக் காலம். நிலையம் அரசுடையது, அதில் அரசைக் கேலி செய்ய வழியில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு தனியார் சேனல்கள் பெருகின. ஆனால் தமிழ்நாட்டின் பெரிய சேனல்கள் பலவும் அரசியல் கட்சிகளோடு தொடர்புடையவை. ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் தொலைக்காட்சி, கேப்டன் டிவி என்று கட்சிக்கு ஒரு சேனல் அமைந்தது.

இதன் விளைவாகக் கேலி ஒருபக்கமானது. ஒவ்வொரு சேனலும் எதிர்க்கட்சித் தலைவரைக் கேலி செய்தது. தன் தலைவரைத் தொடவில்லை. 2011 தேர்தலில் நகைச்சுவை நடிகர் வடிவேலு தி.மு.க. கூட்டணிக்காகப் பிரசாரம் செய்து, எதிரணியில் இருந்த விஜயகாந்தைக் கிண்டல் செய்தார். கூட்டம் சிரித்தது, கட்சி தோற்றது. அதன்பின் சில ஆண்டுகள் அவரைத் திரையில் காண்பதே அரிதாயிற்று. கட்சி சாராத நகைச்சுவை நிகழ்ச்சிகள் பாதுகாப்பான பொருளைத் தேடின. விஜய் டிவியின் 'லொள்ளு சபா' பெரும் புகழ் பெற்றது; ஆனால் அது கேலி செய்தது திரைப்படங்களை.

பெரம்பலூரும் 2ஜி-யும்

நையாண்டி எப்போதும் நியாயமாகவே இருக்கும் என்பதில்லை. இதற்கு எடுத்துக்காட்டு பெரம்பலூர் மாவட்டத்தோடு தொடர்புடையது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஆ. ராசா 1996, 1999, 2004 தேர்தல்களில் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் வென்றவர். அவர் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது 2008-ல் வழங்கப்பட்ட 2ஜி அலைக்கற்றை உரிமங்களால் அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2010 அறிக்கை கூறியது. அது கணித்துச் சொன்ன தொகை. மேடைப் பேச்சுகளிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் அந்த 'இருக்கலாம்' விடுபட்டு, எண் மட்டும் நின்றது.

2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று தில்லி சிறப்பு நீதிமன்றம் ராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்துப் புலனாய்வு அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. உரிமம் வழங்கிய முறை தவறு என்பதும், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் வெவ்வேறு முடிவுகள். இந்த வேறுபாட்டைத் துணுக்கு தாங்காது. ஆகவே நையாண்டி நிகழ்ச்சிக்கு உண்மைச் சரிபார்ப்பு இன்றியமையாதது. கட்சிச் சேனல்களில் அதற்கு இடமில்லாமல் போனது.

பிற நாடுகளில்

பிரிட்டனில் பி.பி.சி. 1962 நவம்பரில் ஒரு வார நையாண்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' என்பது அதன் பெயர். தயாரிப்பாளர் நெட் ஷெரின். வழங்கியவர் டேவிட் ஃப்ராஸ்ட். அந்த வாரச் செய்திகளை எடுத்து அமைச்சர்களைப் பெயர் சொல்லியே கேலி செய்தார்கள். சனிக்கிழமை இரவுகளில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 1964 தேர்தல் ஆண்டு என்பதைக் காரணம் காட்டி, 1963 இறுதியில் பி.பி.சி. அதை நிறுத்தியது. ஆனால் விதை விழுந்துவிட்டது. அரசியல்வாதிகளைப் பொம்மைகளாகக் காட்டிய 'ஸ்பிட்டிங் இமேஜ்' 1984-ல் வேறொரு சேனலில் வந்தது.

எகிப்தில் இதய அறுவை மருத்துவர் பாசிம் யூசுஃப் 2011 மக்கள் எழுச்சிக்குப் பின் யூடியூபில் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தார். அதிபர் மோர்சியை இழிவுபடுத்தியதாக 2013-ல் விசாரிக்கப்பட்டுப் பிணையில் வந்தார். ஆட்சி மாறிய பிறகும் நெருக்கடி மாறவில்லை; 2014-ல் நிகழ்ச்சி நின்றது. ஒரு தலைவரைக் கேலி செய்தபோது கைதட்டியவர்கள், அடுத்த தலைவரைக் கேலி செய்தபோது எதிர்த்தார்கள்.

இந்தியாவில் என்.டி.டி.வி.யின் இந்திப் பொம்மை நிகழ்ச்சியான 'குஸ்தாக்கி மாஃப்', சி.என்.என்.-ஐ.பி.என். சேனலில் சைரஸ் புரோச்சா வழங்கிய 'த வீக் தட் வாஸன்ட்' ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. 2017-ல் பலகுரல் கலைஞர் ஷியாம் ரங்கீலா ஒரு போட்டி நிகழ்ச்சியில் பிரதமர் மோடியின் குரலில் நடித்த பகுதி ஒளிபரப்பாகவில்லை என்று அவரே தெரிவித்தார். 2022-ல் தமிழில் நடந்ததற்கு இது முன்னறிவிப்பு எனலாம்.

2022 ஜனவரி: நடந்தது என்ன?

ஜீ தமிழ் சேனலில் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' என்ற சிறுவர் திறன் போட்டியின் நான்காம் சீசன் நடந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரி 15 அன்று, பொங்கல் விடுமுறையில், இரண்டு சிறுவர்கள் ஒரு குறுநாடகம் நடித்தார்கள். அது 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' திரைப்படத்தின் பாணியில் அமைந்தது. 2006-ல் வந்த அந்தப் படத்தை இயக்கிய சிம்புதேவன், ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

கதை இதுதான்: 'சிந்தியா' என்னும் நாட்டை ஒரு மன்னர் ஆள்கிறார். கறுப்புப் பணத்தை ஒழிப்பதாகச் சொல்லிப் பணத்தைச் செல்லாதாக்குகிறார், அது தோற்றுப்போகிறது. விதவிதமான நிறங்களில் மேலங்கி அணிந்து சுற்றி வருகிறார். பொதுத்துறைப் பங்குகளை விற்பது பற்றியும் கிண்டல் இருந்தது. பிரதமரின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்த எவருக்கும் மன்னர் யார் என்பது புரிந்தது.

தமிழ்நாடு பா.ஜ.க.வின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவராக இருந்த சி.டி.ஆர். நிர்மல் குமார் சேனலுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். பத்து வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தாங்கள் பேசுவதன் பொருள் தெரியாது, பிரதமருக்கு எதிரான கருத்தை அவர்கள் வாயில் திணித்திருக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஜனவரி 17 அன்று மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாள்களுக்குள் பதிலளிக்குமாறு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பகுதியை மறு ஒளிபரப்புச் செய்வதில்லை, இணையத்திலிருந்தும் நீக்கிவிடுவது என்று சேனல் ஒப்புக்கொண்டதாகப் புகார் செய்த தரப்பு அறிவித்தது.

இரு தரப்பு வாதங்கள்

குழந்தைகள் பற்றிய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வசனத்தை எழுதுவோர் பெரியவர்கள். அதனால் எழும் சினத்தைச் சந்திக்கும் முகம் குழந்தையுடையது. சிறுவர் நிகழ்ச்சிகளில் வயதுக்கு மீறிய காதல் வசனங்களும் ஆட்டங்களும் இடம்பெறுவது பற்றி நெடுங்காலமாகவே கவலை உண்டு. ஆயினும் அவை அமைச்சகத்தின் அவசர நோட்டீஸைப் பெறவில்லை. பொருள் தெரியாமல் பேசுவதுதான் குறை என்றால், எல்லா வசனத்துக்கும் அது பொருந்த வேண்டும்.

மறுபக்கம், கேலியின் பொருள் கற்பனையன்று. செல்லாததாக்கப்பட்ட நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையே 2018-ல் கூறியது. கறுப்புப் பணம் ஒழிந்ததா என்பது நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் விவாதிக்கப்பட்ட கேள்வி. சிறுவர்கள் அதைச் சிரிப்பாக்கினார்கள், பொய்யாக்கவில்லை.

சட்டமும் கம்பியும்

தொலைக்காட்சி ஏன் இவ்வளவு விரைவில் பணிந்தது என்பதற்கு அதன் கட்டமைப்பே காரணம். பத்திரிகை நடத்த அரசின் ஒளிபரப்பு அனுமதி தேவையில்லை. சேனலுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-ல் இயற்றப்பட்டது. அதன் நிகழ்ச்சி விதித் தொகுப்பு, தனிநபரை விமர்சிப்பதையும் இழிவுபடுத்துவதையும் ஒரே வரியில் சேர்த்துத் தடுக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் எந்த நையாண்டியும் இதில் சிக்கும். 2021 ஜூன் திருத்தத்தின்படி புகார் முதலில் சேனலுக்கும், பிறகு சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், இறுதியில் அரசுத் துறைகளின் குழுவுக்கும் செல்ல வேண்டும். இந்தப் படிகள் இருந்தும், இரண்டாம் நாளே அமைச்சகம் நேரடியாகக் கேள்வி கேட்டது.

மாநில அரசின் கையிலும் ஒரு கருவி உண்டு. அது கேபிள். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-ல் அமைக்கப்பட்டு, 2011 முதல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. 2006-க்குப் பின் அரசு தந்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகளால் பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களிலும் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்திருந்தது. அந்த வீடுகளுக்குச் செல்லும் கம்பியில் எந்தச் சேனல் முன்வரிசையில், எது பின்வரிசையில் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பெரிது. 2018-ல் கோவையில் நடந்த விவாத நிகழ்ச்சி ஒன்றுக்காகப் புதிய தலைமுறை சேனல் மீது வழக்குப் பதிவானது. அதையொட்டி அரசு கேபிளில் அதன் இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டதைப் பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. தடை என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே ஒரு சேனலைக் கண்ணில் படாமல் செய்யலாம்.

பின்னர் நடந்தவை

ஜீ தமிழ் நோட்டீஸ் வந்த அதே மாதம் 31-ஆம் தேதி, மலையாளச் செய்திச் சேனலான மீடியா ஒன் அனுமதி புதுப்பிக்கப்படாமல் நிறுத்தப்பட்டது. இது நையாண்டி தொடர்பானதன்று. பாதுகாப்புக் காரணம் கூறப்பட்டது. அந்தச் சேனல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஏப்ரல் 5 அன்று தடை நீக்கப்பட்டது. அரசின் கொள்கையை விமர்சிப்பதை மட்டும் காரணமாக்கி அனுமதியை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

2025 பிப்ரவரியில் விகடன் மீண்டும் செய்தியானது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதைப் பொருளாக்கி, பிரதமர் விலங்கோடு அமெரிக்க அதிபர் அருகில் அமர்ந்திருப்பதாக 'விகடன் பிளஸ்' இணைய இதழ் கேலிச்சித்திரம் வெளியிட்டது. பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் செய்தார். பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் முழுவதுமே முடங்கியது. நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்றது. அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவிட்டார்.

மதிப்பீடு

1987, 2022, 2025 ஆகிய மூன்று நிகழ்வுகளையும் வரிசையாக வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. 1987-ல் ஓர் ஆசிரியர் சிறை சென்றார். அதனால் தீர்ப்பு கிடைத்தது. 2025-ல் ஒரு தளம் முடக்கப்பட்டது. அதுவும் நீதிமன்றத்துக்கு வந்தது. 2022-ல் யாரும் சிறை செல்லவில்லை, எந்தச் சேனலும் முடக்கப்படவில்லை. ஆனால் அந்தக் குறுநாடகம் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. பார்க்கும்போது மிக மென்மையாக முடிந்த இந்நிகழ்வே அடுத்த நிகழ்ச்சிக்கு எந்தப் பாதுகாப்பையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த முறை வசனம் எழுத அமர்பவர், தாமே அந்த வரியை அடித்துவிடுவார். அதற்கு நோட்டீஸ்கூடத் தேவைப்படாது.

எந்தக் கட்சி ஆண்டாலும் இது பொருந்தும். மேலே கூறிய நிகழ்வுகளில் மாநிலத்தில் ஆண்டவர்களும் மத்தியில் ஆண்டவர்களும் உண்டு. நையாண்டி இன்று பெரும்பாலும் யூடியூபுக்கு இடம் மாறிவிட்டது. அங்கே சேனல் அனுமதி இல்லை. ஆனால் விகடன் தளத்தை முடக்கப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கேயும் செல்லும்.

அரசமைப்பின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அதற்குரிய கட்டுப்பாடுகளையும் அதுவே பட்டியலிடுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஆட்சியாளரின் மனம் புண்படுவது அதில் இல்லை. ஒரு கேலி தவறான செய்தியைச் சொன்னால் மறுக்கலாம். அவதூறானால் வழக்குத் தொடுக்கலாம். இரண்டிலும் காரணம் சொல்லியாக வேண்டும், மறுதரப்பு பதில் சொல்ல இடமும் உண்டு. ஜீ தமிழ் குறுநாடகத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.